அம்மா சாப்பிட்டாச்சு

அம்மா சோற்றை மென்று துப்புவதை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு சனிக்கிழமை மதியம். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தார். தம்பியும் நானும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தோம். தாகம் எடுத்து நான் உள்ளே வந்தேன்.

அடுப்படியில் அம்மா கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் சோறும் வஞ்சிரக் குழம்பும். பக்கத்தில் பழைய பேப்பர் ஒன்று விரித்திருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள். அவ்வளவு ருசித்து யாரும் மென்று நான் பார்த்ததில்லை. பிறகு குனிந்து எல்லாவற்றையும் பேப்பரில் துப்பினாள். அடுத்த கவளம் எடுத்தாள். தட்டு காலியாகிறவரை நான் கதவோரம் நின்றேன். பேப்பரை நாலாக மடித்து, சணல் போட்டுக் கட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"பல்லு வலிம்மா. முழுங்க முடியல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்பாகிட்ட சொல்லாதே. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவார்."

நான் நம்பினேன். அப்புறம் இரண்டு மூன்று நாள் அவள் வாயையே பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூரில், கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா சைதாப்பேட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அப்பா வீட்டிலும் சரி, அம்மா வீட்டிலும் சரி, பல தலைமுறையாக மாதா கோயில் மணிச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். தினமும் காலைப் பூசை, சாயங்காலம் ஜெபமாலை. எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சோற்றுக்குக் குறைவு இருந்ததில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் பலர் குறைவு இருந்ததாக நினைத்தார்கள்.

அம்மா பிரமாதமாகச் சமைப்பாள். அவள் வைக்கும் மீன் குழம்புக்காகவே சைதாப்பேட்டையிலிருந்து அப்பாவின் நண்பர்கள் சைக்கிளில் வருவார்கள். பரிமாறுவதிலும் அவளை மிஞ்ச முடியாது. யாருடைய தட்டில் எது குறைகிறது என்று நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "நீ எப்போ உக்காரப்போறே?" என்று யாராவது கேட்டால், "எல்லாரும் ஆகட்டும்" என்பாள். எல்லாரும் ஆன பிறகு அவளைக் கவனிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

சித்திரை வெயிலிலும் முழங்கை தாண்டிய ரவிக்கைதான் போடுவாள். புடவைக்குள் இரண்டு உள்பாவாடை. குளிரெடுக்கிறது என்று மத்தியானத்தில் மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் உட்காருவாள். கண்ணாடி வளையல்களை மணிக்கட்டிலிருந்து தள்ளினால் தடையில்லாமல் முழங்கைவரை போகும். தலை சீவும்போது கொத்தாக வரும் முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகுவாள். கையில் மட்டும் பூனைமுடி மெல்லியதாக வளர்ந்திருந்தது. எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

பள்ளியில் மதிய உணவு அவள் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த கோதுமை நொய்யை உப்புமாவாகக் கிண்டிப் போடுவார்கள். அஞ்சாம் வகுப்புவரை நானும் அங்கேதான் படித்தேன், அதனால் தினமும் பார்ப்பேன். வராந்தாவில் அலுமினியத் தட்டோடு வரிசையாகப் பிள்ளைகள். கரண்டியோடு அம்மா. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அதற்கு ஒரு கரண்டி கூடப் போடுவாள். பிள்ளைகள் அவளைச் சோத்து டீச்சர் என்றார்கள். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை.

பள்ளி வாசலில் மீன் கூடையோடு வரும் ஒரு அம்மாள் இருந்தாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே படித்தார்கள். ஒரு நாள் எல்லார் எதிரிலும் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கினு நீ மட்டும் இப்டி வத்திப் போய்க்கீறே?"

அம்மா சிரித்தாள். "என் உடம்பு வாகு அப்படி."

"வாகா இது? வாகு இல்ல டீச்சரம்மா."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா சந்தோஷமாக இருந்தது வருஷத்தில் நாற்பது நாள்தான், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போதே அவள் நடை மாறிவிடும். அந்த நாற்பது நாளும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. ரோமாபுரியில் விதியைத் தளர்த்திவிட்டார்கள், வருஷத்துக்கு இரண்டு நாள் ஒருசந்தி இருந்தால் போதும் என்று கோயிலில் பங்குச் சாமியார் அறிவித்திருந்தார். அம்மா அதைக் கேட்டுக் கோபப்பட்டாள். "நம்மளுக்கு எதுக்கு அந்தச் சலுகை?" என்றாள். தபசு காலத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பூசை முடிந்து வரும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களால உங்க மாதிரி முடியுமா?" என்பார்கள். அவள் முகம் பிரகாசிக்கும்.

ஈஸ்டர் அன்று வீட்டில் ஆட்டுக்கறி, பலகாரம், தியாகராய நகரிலிருந்து சித்தி குடும்பம். அன்று அம்மாவுக்குத் தலைவலி வரும். அதற்கப்புறமும் ஒருசந்திதான்: வெள்ளிக்கிழமை ஆண்டவருக்காக, சனிக்கிழமை மாதாவுக்காக, நவம்பர் முழுக்க இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்காக, தம்பிக்குக் காய்ச்சல் என்றால் தம்பிக்காக. அவளிடம் காரணம் தீர்ந்து போனதே இல்லை.

மாதம் ஒரு தடவை சித்தி வீட்டுக்குப் போவோம். போகும்போது அம்மா என்னை மாம்பலம் ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போவாள். ரயிலுக்கு இல்லை. அங்கே எடை பார்க்கும் மெஷின் இருந்தது. செருப்பைக் கழற்றி, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறுவாள். சிவப்பும் வெள்ளையுமாகச் சக்கரம் சுற்றும், விளக்கு மின்னும், டொக்கென்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஜோசியத்தை அவள் படித்ததே இல்லை. எடையைப் பார்ப்பாள். சில நாள் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தருவாள். சில நாள் வழியெல்லாம் பேசாமல் வருவாள். எந்த அட்டைக்கு ரோஸ்மில்க், எந்த அட்டைக்கு மௌனம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு தடவை அவள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது, புனிதர் படங்களுக்கு நடுவே அந்த அட்டைகள் வரிசையாக இருந்தன. நாற்பத்தி மூணு கிலோ. நாற்பத்தி ஒண்ணு. முப்பத்தி ஒன்பது. கணக்கு நன்றாக வரும் எனக்கு. புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போன வருஷம் அப்பாவுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அவர் அதட்டுகிற மனிதர் இல்லை. ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்பார்: "அம்மா சாப்பிட்டாளா?"

முதல் நாள் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கெஞ்சல் இல்லை, பயம் இருந்தது. தவறு செய்து மாட்டிக்கொண்ட வகுப்புப் பிள்ளையின் பயம்.

"சாப்பிட்டாச்சுப்பா" என்றேன்.

அன்றிலிருந்து அது என் வேலையானது. அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லும் நாட்களில் அம்மா தன் தட்டை என் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அப்பா குனியும் நேரம் பார்த்து அவள் சோறு என் தட்டுக்கு வரும். மீன் துண்டு வரும், முட்டை வரும். நான் வேகமாக விழுங்கிவிட வேண்டும். அப்பா நிமிரும்போது அம்மாவின் தட்டு காலியாக இருக்கும். "பரவாயில்லையே" என்பார். அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், குமட்டிக்கொண்டும் வரும்.

நான் பருத்தேன். பள்ளியில் 'பூசணி' என்றார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை பாவாடைத் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அம்மாவே பிரிப்பாள். அப்போது என் மேல்கையை இரண்டு விரலால் பிடித்து அமுக்கிப் பார்ப்பாள். "நீ சாப்பிட்டா எனக்கு வயிறு நிறைஞ்சிடுது" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த விரல்களை நான் வெறுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவை சொன்னேன், "அப்பாகிட்ட பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவைம்மா?"

"தினமும், சாமி."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், என்ன பொய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சை நேரம். மதியமே வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. மீன்காரம்மாள் இறங்கினாள். திரும்பி வண்டிக்குள் கை நீட்டி, அம்மாவை இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல உள்ளே கொண்டுவந்து பாயில் கிடத்தினாள். அம்மாவின் வலது கையில் உப்புமா கொட்டிச் சிவந்து கொப்புளமாகியிருந்தது.

"வரிசைல உப்புமா போட்டுக்கினு இருக்கும்போதே வுழுந்துடுச்சு. புள்ளைங்க எல்லாம் ஓன்னு அழுதுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வூட்ல இன்னா சாப்டுது இது?"

"சாப்பிடறாங்களே. காலையில இட்லி சாப்பிட்டாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லாத பாப்பா. நாலு புள்ளைய பட்னி போட்டவ நான். பட்னி மூஞ்சி எப்டி கீதுன்னு எனுக்கா தெரியாது? இல்லாத வூட்ல பட்னி கெடக்குறாங்க, சரி. எல்லாம் கீற வூட்ல இன்னாத்துக்குமா?"

அவள் அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் அம்மாவின் பாதத்தை மூடிவிட்டாள். சில்லென்றிருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் பொட்டலம், தட்டு மாற்றியது, ஜெபப் புத்தகத்து அட்டைகள். அம்மா பாயில் விழித்துப் படுத்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கழற்றின சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே போய்க் கறி வாங்கிவந்தார். அவரே சமைத்தார். உப்புப் போதவில்லை, அரிசி குழைந்துவிட்டது. அம்மாவைச் சுவரோரம் உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்து, சோற்றை உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"வாயைத் திற."

"நானே சாப்பிடறேங்க."

"இல்லை. என் கையால சாப்பிடு. வாயைத் திற."

திறந்தாள். விழுங்கினாள். கண்ணீர் பெருகி வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் மறுக்கவில்லை. நாலு உருண்டை, ஐந்து உருண்டை. தம்பி, "போதும்ப்பா, விட்டுடுங்கப்பா" என்று அழுதான். அப்பா அவனை அறைந்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அவர் கை நீட்டினார். தட்டு காலியானதும் அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். சத்தம் உள்ளேவரை கேட்டது. வாந்தி எடுத்து முடித்து, வாய் கொப்பளித்து, தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். அப்பா எச்சில் கை காய உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

அதன் பிறகு டாக்டர்கள். சயரோகமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். சிவப்பாக ஒரு டானிக், அம்மா அதைத் தினமும் ஒழுங்காகக் குடித்தாள். ராயப்பேட்டையில் ஒரு வயதான டாக்டர்தான் அப்பாவைத் தனியாக அழைத்து, "வயித்துல ஒண்ணுமில்ல, நெஞ்சுல ஒண்ணுமில்ல. மனசுல ஏதாவது இருக்கா பாருங்க" என்றார். அப்பா பயந்துபோனார். மனசு என்றால் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரி என்று ஊருக்கே ஒரு எண்ணம். விஷயம் வெளியே தெரிந்தால் அவள் வேலை போகும், எனக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று சித்தப்பா சொன்னார். அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. இப்படியும் ஒரு நோய் உண்டு, அதற்கொரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. அன்று அந்தப் பெயரை யாராவது சொல்லியிருந்தாலும் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை இல்லை. "பால் பொங்குது பாரு", "தம்பியைக் கூப்பிடு", அவ்வளவுதான். அவளுடைய சோறு என் தட்டுக்கு வருவதும் நின்றது. நான் இளைத்தேன். எல்லாரும் "வயசுக்கு வந்த பொண்ணு, அழகாயிட்டா" என்றார்கள். எனக்கு அவள் விரல்கள் என் கையைப் பிடித்து அமுக்கினால் தேவலை என்றிருந்தது.

ஒரே ஒரு தடவை பேசினாள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கால் வீங்கியிருந்தது, இதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தார்கள். மதியம், மற்ற படுக்கைக்காரர்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கஞ்சி. நான் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். வகுப்பில் கடினமான கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் தேடுவதுபோல உண்மையாகவே யோசித்தாள்.

"பசிக்கும்போது தலைக்குள்ள சத்தம் அடங்கிடும்மா. எல்லாம் சுத்தமா இருக்கும். சாப்பிட்டா அழுக்காயிட்ட மாதிரி இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "முதல்ல நான்தான் அதைப் பிடிச்சுட்டிருந்தேன். அப்புறம் அது என்னைப் பிடிச்சுக்கிச்சு. இப்ப விடுன்னு சொன்னா விடலை."

"நான் அப்பாகிட்ட சொன்னது தப்பா?"

"தப்பில்ல" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆனா சொல்லியிருக்க வேணாம்."

ஐந்து நாள் கழித்து, நான் வகுப்பில் இருந்தபோது தம்பி வந்து வாசலில் நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவன் எதுவும் சொல்வதற்கு முன்பே புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மாவுக்கு நாற்பத்தி இரண்டு வயது.

அடக்கப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். ஒறுத்தலால் தன்னை வருத்தி, ஏழைப் பிள்ளைகளின் பசியை ஆற்றிய உத்தமி என்றார். கோயில் முழுக்க விசும்பல். என் பின்னால் இருந்த பெண்கள், "அர்ச்சியசிஷ்டவங்க, புனிதருங்க மாதிரி வாழ்ந்தவங்க" என்று பேசிக்கொண்டார்கள். எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. கடைசி வரிசையில் குப்பத்துப் பிள்ளைகள் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரம்மாளும் வந்திருந்தாள். அவள் முட்டி போடவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனோம். அப்பா புல்லைப் பிடுங்கினார். தம்பி தண்ணீர் கொண்டுவந்து சிலுவையைக் கழுவினான். சித்தி சாமந்தி மாலையைப் பிரித்துப் பூவாகப் பரப்பிக்கொண்டே, என்னிடம் சின்ன வயதுக் கதை ஒன்று சொன்னாள்.

"யுத்த காலம். அரிசி கிடைக்காது. நாங்க ஆறு பேரு. உங்கம்மாதான் மூத்தவ, பன்னெண்டு வயசு இருக்கும். எனக்குப் பசிக்கலைன்னு சொல்லித் தன் பங்கை எங்களுக்குப் போட்டுடுவா. எங்கப்பா அவ தலையில கை வெச்சு, 'இவதான் என் வீட்டுப் புனிதை'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவார். எங்க யாரையும் அவர் அப்படிப் பாராட்டினதில்ல."

சித்தி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அது ஒரு காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருஷங்களில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ மூத்த பெண்கள் அப்படி இருந்திருப்பார்கள். எல்லாரும் என் அம்மாவைப் போலப் போய்விடவில்லை.

அப்பா புல் பிடுங்குவதை நிறுத்தியிருந்தார். கையில் மண்ணோடு சித்தியைப் பார்த்து, "அன்னிக்கு யாராவது ஒருத்தர், நீ சாப்பிடும்மான்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சித்தி கையில் மிச்சமிருந்த பூவையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினாள். அப்பா மறுபடி குனிந்து, கல்லறையின் அந்தப் பக்கத்துப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.